யாருக்காக வரைந்த படம்? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நிலவரைபடப் பாடம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நிலவரைபடக் கேள்விக்கு நம் மாணவர்கள் நன்றாகவே மதிப்பெண் எடுக்கிறார்கள். வைகையைக் குறிக்கச் சொன்னால் குறிக்கிறார்கள், பழனி மலையைக் காட்டச் சொன்னால் காட்டுகிறார்கள். பலமுறை பயிற்சி கொடுத்ததால் கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. ஆனால், "இந்தப் படத்தை முதலில் யார் வரைந்திருப்பார்கள்? எதற்காக வரைந்திருப்பார்கள்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நிலவரைபடம் என்பது மலையைப் போல, ஆற்றைப் போல என்றைக்கும் இருந்துவரும் ஒன்று என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

தேனி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். இந்தக் கேள்விக்கு விடை தேடப் பழைய படைவரைபடங்களின் கதையைச் சில ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறேன். புவியியலில் வரும் நிலவரைபடத் திறனையும் வரலாற்றில் வரும் பாளையக்காரர் பாடத்தையும் அது ஒன்றாக இணைக்கிறது. மற்ற ஆசிரியர்களும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

படைக்கு ஏன் படம் தேவைப்பட்டது?

புது இடத்துக்குள் நுழையும் படைத்தளபதிக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். பீரங்கி வண்டி போகும் அளவுக்குப் பாதை இருக்கிறதா? ஆளுக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் தண்ணீர் எங்கே கிடைக்கும்? எதிரியின் கோட்டை எந்த மேட்டில் இருக்கிறது? 18ஆம் நூற்றாண்டின் படைவரைபடங்களை உற்றுப் பார்த்தால் இந்த மூன்றும் மிகத் தெளிவாக இருக்கும். பாதை, கணவாய், ஆற்றைக் கடக்கும் துறை, கிணறு, குளம், கோட்டைச் சுவர் ஆகியவை கவனமாக வரையப்பட்டிருக்கும். எந்த வயலில் என்ன விளைகிறது, எந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது.

அப்போது அச்சு எளிதல்ல. பல பிரதிகளைக் கையால்தான் வரைந்தார்கள். திசைகாட்டியால் திசையைக் குறித்தார்கள். சங்கிலியாலோ அளவுச் சக்கரத்தாலோ தொலைவை அளந்தார்கள். கைப்பிடி வைத்த பெரிய சக்கரத்தை ஒருவர் பாதை முழுக்கத் தள்ளிக்கொண்டு போவார்; அது எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத் தொலைவு கணக்கிடப்படும். மலைச் சரிவைக் காட்ட நெருக்கமான சிறு கோடுகளைப் போட்டார்கள். இன்று நாம் கற்பிக்கும் சமஉயரக் கோடுகள் அவற்றுக்குப் பின்னர்தான் பரவலாயின. ஆற்றுக்கும் கட்டடத்துக்கும் நீர்வண்ணம் தீட்டி, தாளின் பின்புறம் துணி ஒட்டி மடித்து வைத்தார்கள்.

இவ்வளவு உழைப்பில் உருவான படம் விலைமதிப்பு மிக்கது. எதிரியிடம் சிக்கினால் ஆபத்தும்கூட. அதனால் அது அரசரிடமும் பிரபுக்களிடமும் உயர் அதிகாரிகளிடமும் மட்டுமே தங்கியது.

அரண்மனை அலமாரியில் ஒரு நாடு

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்து. 1746இல் அங்குள்ள மலைநாட்டுக் குலங்களின் கிளர்ச்சியைக் கலோடன் போரில் அடக்கியவர் கம்பர்லாந்து கோமகன். அவர் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜின் மகன். மலைநாட்டைத் தொடர்ந்து கட்டுக்குள் வைத்திருக்கப் பாதைகளும் கணவாய்களும் தெரிய வேண்டியிருந்தது. 1747 முதல் 1755 வரை வில்லியம் ராய் என்பவரும் அவருடைய குழுவினரும் தீவுகள் நீங்கலாக ஸ்காட்லாந்தின் பெருநிலப்பகுதியை அளந்து, 1,000 கெஜத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவையில் வரைந்தார்கள். அந்தப் படம் பின்னர் மூன்றாம் ஜார்ஜ் அரசரின் நூலகத்துக்குப் போனது. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

மூன்றாம் ஜார்ஜ் நிலவரைபடங்களைச் சேர்ப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். அவருடைய பெரிய நூலகத்தை மகன் நான்காம் ஜார்ஜ் 1823இல் நாட்டுக்கு வழங்கினார். படைவரைபடங்களை மட்டும் அரச குடும்பம் தன்னிடமே வைத்துக்கொண்டது. சித்தப்பா கம்பர்லாந்து கோமகன் சேர்த்து வைத்திருந்தவையும் அவற்றில் அடங்கும். சுமார் 3,000 படங்கள் வின்சர் கோட்டையில் இருந்தன. 2020இல்தான் அவை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. திறன் வகுப்பறையில் அவற்றில் இரண்டைத் திரையிட்டுக் காட்டினாலே போதும், ஒரு பாடவேளை போவது தெரியாது.

மதுரைக்கு வந்த தீவுக்காரர்

வரைபடம் வரைந்து அடக்கப்பட்ட அதே ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் என்ற தீவு இருக்கிறது. அங்கே 1754இல் பிறந்தவர் காலின் மெக்கன்சி. அந்தத் தீவு சீபோர்த் பிரபு குடும்பத்துக்குச் சொந்தமானது. 1715 கிளர்ச்சியில் சேர்ந்ததால் பட்டத்தையும் நிலத்தையும் இழந்த குடும்பம் அது. பிறகு அரசருக்கு விசுவாசம் காட்டி, 1771இல் மீண்டும் பட்டம் பெற்றது. அந்தப் பிரபு இந்தியாவுக்காக ஒரு படைப்பிரிவைத் திரட்டி, தானும் கப்பலேறி, 1781இல் வழியிலேயே இறந்துபோனார். மெக்கன்சிக்குத் தொடக்கத்தில் ஆதரவு தந்தவர்களில் அவர் ஒருவர்.

இன்னொருவர் நேப்பியர் பிரபு. 1614இல் மடக்கையை உலகுக்குத் தந்த ஜான் நேப்பியரின் வழிவந்தவர். தம் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்பிய அவர், இந்தியக் கணித முறைகளைப் பற்றித் தகவல் திரட்ட மெக்கன்சியின் உதவியைப் பெற்றார். நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர், மதுரையில் பணியாற்றிய சாமுவேல் ஜான்ஸ்டனை மணந்திருந்தார். 1783இல் சென்னைக்கு வந்திறங்கிய மெக்கன்சி மதுரையில் இவர்கள் வீட்டுக்குச் சென்றார். அங்கே நம் ஊர்ப் பண்டிதர்களோடு நடந்த உரையாடல்கள்தாம் இந்தியாவைப் பற்றிய தேடலை அவருக்குள் விதைத்தன. பணியின் தொடக்க காலத்தில் கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் இருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1815இல் அவர் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையர் ஆனார்.

இந்த இடத்தில் கணித ஆசிரியரை வகுப்புக்கு அழைத்துக்கொள்வது என் வழக்கம். கோணங்களை அளந்து தொலைவைக் கணக்கிட்ட நில அளவையர்களுக்கு மடக்கை அட்டவணை எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியது என்று அவர் பத்து நிமிடம் விளக்குவார். மடக்கை எதற்கு என்ற கேள்வி அதன்பிறகு எழுவதில்லை.

மெக்கன்சி தனியாக எதையும் செய்துவிடவில்லை. காவலி வெங்கட போரய்யா, காவலி வெங்கட லட்சுமய்யா என்ற சகோதரர்கள் அவருக்காக ஊர் ஊராகச் சென்று சுவடிகளையும் வரலாறுகளையும் திரட்டினார்கள். ஓவியர் தாமஸ் ஹிக்கி 1816இல் வரைந்த மெக்கன்சியின் படத்தில் மூன்று இந்திய உதவியாளர்களும் நிற்கிறார்கள். அளவைப் பணியைச் செய்தவர்களில் சிறுவர்களும் உண்டு. 1794இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் சென்னை வான் ஆய்வகத்தை ஒட்டி ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கான மாணவர்கள் ஆதரவற்ற சிறுவர் இல்லத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அங்கே படித்தவர்கள் பின்னர் மெக்கன்சியின் மைசூர் அளவையில் வேலை செய்தார்கள். "நம்ம வயசுப் பசங்களா டீச்சர்?" என்று கேட்காத வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாளையக்காரர்களிடம் இருந்தது என்ன?

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். விசுவநாத நாயக்கர் காலத்தில் அமைந்த 72 பாளையங்களைப் பாடநூலில் படிக்கிறோம். போடிநாயக்கனூர், தேவாரம், கண்டமநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், வடகரை என்று அவற்றின் தொடர்ச்சியான ஜமீன்கள் இங்கே நிறைய இருந்தன. 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. 1790இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை திண்டுக்கல் கோட்டையைக் கைப்பற்றியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திண்டுக்கல் பகுதி கம்பெனிக்கு உரியதானது. விருப்பாச்சி கோபால நாயக்கர் எதிர்த்து நின்றார், 1801இல் தூக்கிலிடப்பட்டார். இந்தப் பாளையக்காரர்கள் தங்கள் நிலத்தை எந்தப் படத்தைப் பார்த்து அறிந்தார்கள்?

அவர்கள் சொல்லால் அறிந்தார்கள். நம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் பெருநான்கெல்லை என்ற முறை உண்டு. இந்த ஓடைக்கு மேற்கு, அந்தப் பாறைக்கு வடக்கு, இன்ன கோயில் நிலத்துக்குக் கிழக்கு, இன்ன குளக்கரைக்குத் தெற்கு என்று நிலம் சொற்களால் வரையப்படும். அதைப் படித்தால் மட்டும் போதாது. ஓடையையும் பாறையையும் காட்ட ஊர்க்காரர் ஒருவர் கூட வர வேண்டும். நிலத்தைப் பற்றிய அறிவு ஊருக்குள்ளேயே, மக்களின் நினைவிலேயே இருந்தது.

படைவரைபடம் இதை மாற்றியது. ஒருமுறை அளந்து வரைந்துவிட்டால், ஊர்ப்பக்கம் கால்வைக்காத ஒருவர் சென்னைக் கோட்டையிலோ லண்டனிலோ மேசைமேல் படத்தை விரித்து, எந்தக் கணவாய் வழியாகப் படையை அனுப்பலாம், எந்த ஊருக்கு எவ்வளவு வரி போடலாம் என்று முடிவு செய்யலாம். பாளையக்காரர்களின் கோட்டைகள் வீழ்ந்ததைப் போலவே இதுவும் ஒரு பெரிய மாற்றம். பீரங்கிச் சத்தம் கேட்காமல் நடந்ததால் பாடத்தில் நம் கவனத்துக்கு வருவதில்லை.

பாளையக்காரர்கள் தங்கள் முன்னோர் கதையையும் உரிமைகளையும் எழுதிக் கொடுத்த சுவடிகள் மெக்கன்சியின் தொகுப்பில் இடம்பெற்றன. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அவற்றைப் 'பாளையப்பட்டுகளின் வம்சாவளி' என்ற பெயரில் அச்சிட்டிருக்கிறது. ஒரே நிலத்துக்கு இரண்டு ஆவணங்கள் என்று மாணவர்களிடம் சொல்கிறேன். வென்றவர் வரைந்த படம் ஒன்று. உரிமையை இழந்துகொண்டிருந்தவர் எழுதிக் கொடுத்த வரலாறு மற்றொன்று. இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் புரியும். ஜமீன்களாக எஞ்சியவையும் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தன.

வார்டு முதல் பென்னிகுவிக் வரை

திருவிதாங்கூர், கொச்சி அரசுகளை 1816 முதல் 1820 வரை அளந்தவர்கள் வார்டு, கானர் என்ற இரண்டு படை அதிகாரிகள். இவர்களில் வார்டு மதுரை, திண்டுக்கல் பகுதிகளின் அளவையிலும் பணியாற்றினார். 1821இல் பழனி மலைமீது ஏறி அதை அளந்தவரும் அவர்தான். அதே ஆண்டில்தான் மெக்கன்சி இறந்தார். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்பது அக்கால மதராஸ் அளவைகளில் வழக்கமாக இருந்தது. படத்தோடு நிலம், நீர், விளைச்சல், ஊர், பாதை ஆகியவற்றை விவரிக்கும் குறிப்பேடும் எழுதப்பட்டது. போருக்காகத் தொடங்கிய வேலை மெல்ல நிர்வாகத்துக்கான வேலையாக மாறியது.

அந்த மாற்றத்தின் பலனை நம் பள்ளத்தாக்கு நன்றாக அறியும். பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது. செலவு மிகுதி என்பதால் கைவிடப்பட்டது. 1808இல் கேப்டன் கால்டுவெல் இடத்தைப் பார்த்துவிட்டு, நடக்காத கனவு என்று ஒதுக்கினார். பின்னர் பென்னிகுவிக் என்ற படைப் பொறியாளரின் திட்டம் ஏற்கப்பட்டு, 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தமாகி, 1895 அக்டோபரில் தண்ணீர் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் நீளம் சுமார் 1.7 கிலோமீட்டர். மலையின் அந்தப் பக்கம் எவ்வளவு உயரம், இந்தப் பக்கம் எவ்வளவு தாழ்வு என்று துல்லியமாகத் தெரியாமல் அந்தச் சுரங்கத்தை வெட்டியிருக்க முடியாது. படை கற்றுக்கொண்ட அளவைக் கலை வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. எந்தக் கருவியையும் நல்லது, கெட்டது என்று முன்கூட்டியே முத்திரை குத்தக் கூடாது, யார் கையில் எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு வேண்டாம்.

வகுப்பறையில் செய்வது எப்படி?

இந்தப் பாடத்தை ஐந்து செயல்பாடுகளாகப் பிரித்திருக்கிறேன்.

ஒன்று, நான்கு கேள்விகள். எந்த நிலவரைபடத்தைக் கொடுத்தாலும் மாணவர் நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். யார் வரைந்தது? யாருக்காக? எது பெரிதாகக் காட்டப்பட்டிருக்கிறது? எது விடுபட்டிருக்கிறது?

இரண்டு, அளவுச் சக்கரம். மிதிவண்டிச் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். விட்டம் 66 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 207 செ.மீ. பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுற்றுகளை எண்ணி, தொலைவைக் கணக்கிடச் செய்யலாம். அதையே 'ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்' அளவையில் வரைந்தால் தாளில் எவ்வளவு வரும்? ஒரு மைலுக்கு 63,360 அங்குலம் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ராயின் அளவையில் அந்த எண் 36,000. எந்தப் படத்தில் விவரம் கூடுதலாக இருக்கும் என்ற கேள்விக்கு அளவைப் பாடம் முழுவதும் அடங்கிவிடும்.

மூன்று, ஒரே தெரு, மூன்று படங்கள். ஒரு குழு படைத்தளபதிக்காக வரையும். இரண்டாவது குழு விவசாயிக்காக. மூன்றாவது குழு கிராம சுகாதாரச் செவிலியருக்காக. மூன்றையும் சுவரில் ஒட்டிப் பாருங்கள். தளபதியின் படத்தில் மேடும் பாலமும் இருக்கும். விவசாயியின் படத்தில் வாய்க்காலும் களமும் இருக்கும். செவிலியரின் படத்தில் கைக்குழந்தை இருக்கும் வீடுகள் இருக்கும். மூன்றும் உண்மைதான். எதுவும் முழு உண்மை அல்ல.

நான்கு, நான்கெல்லை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தங்கள் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ நான்கெல்லையைச் சொற்களால் எழுதி வரச் சொல்லுங்கள். அதைப் படித்துப் பக்கத்தில் இருப்பவர் படமாக வரைய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் இசைந்தால் ஊரின் கிராம வரைபடத்தைக் காட்டி ஒப்பிடலாம். பெரியவர்கள் சொல்லும் ஓடைப் பெயரும் பாறைப் பெயரும் பல நேரங்களில் எந்தப் படத்திலும் இருக்காது. அவற்றைத் தனிப் பட்டியலாகச் சேர்த்து வையுங்கள்.

ஐந்து, காலத்தை உரித்தல். இன்றைய தேனி மாவட்டப் படத்தை எடுத்து, வார்டு வந்த 1821இல் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். மாவட்ட எல்லை 1996. வைகை அணை 1959. மதுரை-போடி இரயில் பாதை 1928. பெரியாற்றுச் சுரங்கம் 1895. எல்லாவற்றையும் நீக்கிய பிறகு மிஞ்சுவது மலையும் ஆறும் கணவாயும் ஊரும்தான்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் மூன்றாவது செயல்பாட்டை எளிதாக்கிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னால் போதும். நாய் குரைக்கும் வீடும் நாவல் மரமும் அதில் நிச்சயம் வரும்.

விடுபட்ட ஊர்

முதல் செயல்பாட்டை ஓர் ஆண்டு நடத்தியபோது, கைபேசியில் உள்ள நிலவரைபடத்தில் அவரவர் வீட்டைத் தேடச் சொன்னேன். மலையடிவாரக் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு மாணவி வெகுநேரம் தேடிவிட்டு, "எங்க ஊரே இதுல இல்லையே டீச்சர்" என்றாள். பச்சை நிறம் மட்டும் இருந்தது. அவள் குடும்பமும் இன்னும் சில குடும்பங்களும் இரண்டு தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். "எது விடுபட்டிருக்கிறது?" என்ற கேள்விக்கு அதைவிடக் கூர்மையான விடையை நான் கேட்டதில்லை.

அந்தக் குடியிருப்பை வரையும் பொறுப்பை அவளுடைய குழுவுக்கே கொடுத்தேன். இரண்டு சனிக்கிழமை மிதிவண்டிச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய் அளந்தார்கள். வீடுகள், ஒற்றைக் குழாய், மழைக்காலத்தில் கடக்க முடியாத ஓடை, சாலை முடியும் இடம் எல்லாவற்றையும் குறித்தார்கள். அவளுடைய பாட்டி சொன்ன பாறைப் பெயர்களையும் எழுதிச் சேர்த்தார்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பெற்றோர்கள் அந்தப் படத்தை மேசைமேல் விரித்தார்கள். ஓடையின் மீது பாலம் கேட்கும் தீர்மானத்தோடு அந்தப் படமும் இணைக்கப்பட்டது. பாலம் இன்னும் வரவில்லை. கோரிக்கை நிலுவையில் இருக்கிறது. ஆனால் எங்கே, எத்தனை மீட்டர், எத்தனை வீடுகளுக்கு என்ற கேள்விகளுக்கு இப்போது அந்த ஊரிடம் பதில் இருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, பாளையங்கோட்டை, வேலூர், சங்ககிரி, திருமயம், செஞ்சி என்று தமிழகம் முழுவதும் கோட்டைகள் இருக்கின்றன. கோட்டை இல்லாத ஊரிலும் குளமும் ஓடையும் ஊர்ப் பெயரைச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஒரு மிதிவண்டி, ஒரு சிவப்புத் துணி, நான்கு கேள்விகள் இருந்தால் இந்தப் பாடத்தை எங்கும் தொடங்கலாம். உங்கள் மாணவர்கள் வரையும் படத்தின் கீழே மூன்று விவரங்களை மட்டும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள்: வரைந்தவர்கள் பெயர், நாள், யாருக்காக வரைந்தது.